நீச்சல் தெரியாமல் ஹேவ்லாக் வருகிறவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பி வரும் புதுத் தம்பதியரே, ஆபீஸ் கூட்டமாக டிக்கெட் போட்டிருக்கும் தம்பி தங்கைகளே,

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் முதல்முறை கடலுக்குள் இறங்குகிறவர்களைக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் பிழைப்பு. 2018இல் இந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். 2024இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. இருந்தாலும் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் எல்லோர் வாயிலும் வருவது பழைய பெயர்தான். நானும் அதையே எழுதுகிறேன்.

சீசன் தொடங்கிவிட்டால் ஜெட்டியில் தமிழ் கேட்காத நாள் இல்லை. இறங்கிய உடனே எல்லோரும் கேட்பது: "எனக்கு நீச்சல் தெரியாது, ஸ்கூபா பண்ணலாமா?" பண்ணலாம். காற்றடைத்த ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும், இடுப்பில் கட்டிய ஈயம் அமிழ்த்தும், முதுகுச் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஒருவர் உங்களை நகர்த்திக்கொண்டே வருவார். கை கால் அடிக்க வேண்டிய அவசியமே இருக்காது. பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற பயிற்சி அமைப்புகளின் அறிமுக டைவுக்கு நீச்சல் ஒரு நிபந்தனையே இல்லை. வயது பத்து நிறைந்திருக்க வேண்டும், 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஹேவ்லாக்கில் பெரும்பாலும் அந்த ஆழம்கூடத் தேவைப்படாது.

ஆனால் சளி பிடித்திருக்கும்போது இறங்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. ஆஸ்துமா இருப்பதைச் சொல்வதில்லை. மறுநாள் காலை விமானம் என்பது கரைக்கு வந்து துண்டைக் கட்டிக்கொள்ளும்போதுதான் பேச்சுவாக்கில் வெளியே வருகிறது. இந்த மடல் அந்த விஷயங்களுக்காக. பேக்கேஜ் போட்டுத் தருகிறவர்கள் ராதாநகர் கடற்கரைக்கும் காலாபத்தருக்கும் நடுவே ஸ்கூபாவை ஒரு மணி நேரக் கட்டத்தில் செருகி வைத்திருப்பார்கள். அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு அதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். முடிந்தால் அதற்கு முந்தின நாள் ஸ்நார்கலிங்குக்கு வையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

ஸ்நார்கலிங்கை நம் ஆட்கள் இலவச இணைப்பு மாதிரி பார்க்கிறார்கள். எலிஃபென்ட் பீச்சுக்குப் படகுக் கட்டணம் கட்டினால் கூடவே வருவது, பத்து நிமிஷம் டியூப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு ஏறி வருவது, அவ்வளவே. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடலுக்குள் இறங்க இறங்க முதலில் காணாமல் போகும் நிறம் சிவப்பு. ஐந்து மீட்டரிலேயே அது மங்கத் தொடங்கிவிடும், பத்து மீட்டரில் சிவப்புச் சட்டை பழுப்பாகத் தெரியும். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில்தான் வெயில் முழுசாக இறங்குகிறது, நிறங்கள் நிறங்களாகவே இருக்கின்றன. வண்ணங்களைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் மேல்மட்டத்தில் மிதந்து பார்ப்பதற்கு ஈடு கிடையாது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நீச்சல் பழகாதவர்களுக்குக் கடலுக்கடியில் வரும் சங்கடத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஆழம் இல்லை, மூக்கு. முகம் தண்ணீரில் பட்டதும் மூக்கால் இழுக்கப் பார்ப்பார்கள். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடியிருக்கும், இழுத்தால் கண்ணாடி முகத்தோடு ஒட்டும், மூச்சு முட்டுகிறது என்று தோன்றும், உடனே கையை உதறுவார்கள். வாயால் மட்டும் இழுத்து வாயால் விடுவது ஒரு பழக்கம். ஸ்நார்கல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, காலடியில் மணல் இருக்கிற இடத்தில், முகத்தை மட்டும் கவிழ்த்து அரை மணி நேரம் கிடந்தால் அது தானாக வந்துவிடும். மறுநாள் சிலிண்டர் மாட்டும்போது உங்கள் கவனம் மீன் பக்கம் இருக்கும். வீட்டிலேயே ஒத்திகை பார்க்க ஆசையா? வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, ஸ்நார்கல் ஒன்று கடையில் வாங்கி, மாஸ்க் போடாமல் முகத்தை வாளிக்குள் வைத்து வாயால் மூச்சு விட்டுப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

மீசை வைத்திருக்கும் அண்ணன்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலோடு தோலாக ஒட்டினால்தான் தண்ணீர் உள்ளே வராது. மேல் உதட்டு மயிர் அந்த விளிம்புக்குள் மாட்டினால் மெல்லிய கோடாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், மூக்கு நுனிவரை ஏறும். மீசையை எடுக்கச் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்லை. மூக்குக்கு நேர் கீழே ஒரு விரற்கடை அளவு கத்தரித்துக்கொண்டால் போதும், அல்லது கொஞ்சம் வாஸ்லின் தடவலாம். பெண்கள் முன்நெற்றி முடியை ஒதுக்கி, மாஸ்க்கின் விளிம்புக்கு வெளியே விட வேண்டும். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்த்துக் கடல் தண்ணீரில் அலசுவார்கள், முகம் சுளிக்காதீர்கள். இதைவிட நம்பகமான மருந்தை நான் இன்னும் பார்க்கவில்லை. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தாலும் கழற்ற வேண்டாம். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் கீழ்வழியாக வெளியேறிவிடும்.

ஸ்நார்கலிங்கில் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஸ்கூபாவில் ஆளுக்கு ஒருவர் உங்களைப் பிடித்துக்கொண்டே இருப்பார். ஸ்நார்கலிங்கில் நீங்கள் தனியாக விலகிப் போக வாய்ப்பு அதிகம். தண்ணீரில் திணறுகிறவர் சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்துவதில்லை. முகம் கவிழ்ந்து கிடப்பவர் மீன் பார்க்கிறாரா, மயங்கிவிட்டாரா என்று கரையிலிருந்து யாருக்கும் தெரியாது. அதனால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், இருவர் இருவராகவே மிதங்கள். நெஞ்சுவலி, பிரஷர் உள்ள பெரியவர்கள் 'சும்மா மேலே மிதக்கிறதுதானே' என்று இறங்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். ஒரு கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு நட்டது இல்லை. இந்தத் தீவுகளின் கழிமுகங்களிலும் சதுப்புக் காடுகளிலும் உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது இருந்தால் பவளத்தின் மேல் நிற்கத் தோன்றாது. நீச்சல் தெரியாதவர் பதறியதும் காலை ஊன்றத்தான் பார்ப்பார், கீழே பாறை இருக்கிறது என்று நினைத்து ஊன்றுவார். அது பாறை இல்லை, உயிருள்ள சிறு பிராணிகளின் குடியிருப்பு. மான்கொம்பு போலக் கிளைவிடும் வகை வருஷத்துக்குச் சில அங்குலம் வளரும். உருண்டையாகத் திரளும் வகைக்கு ஒரு சென்டிமீட்டர் வளரவே கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். 2010இல் கடல் சூடேறி அந்தமான் முழுக்கப் பவளம் வெளுத்தது, அதில் செத்தது ஏராளம். 2016இல் மறுபடி ஓர் அடி. அப்படியும் பிழைத்ததைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். உடைந்த துண்டு அழகாக இருக்கிறதே என்று பையில் போடவும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்கு நிகரான பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள், விமான நிலையத்தில் ஸ்கேன் செய்து எடுத்துவிடுவார்கள்.

இனி சிலிண்டருக்கு வருவோம்.

டைவ் கடைக்கு வந்ததும் ஒரு படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை, சமீபத்திய ஆபரேஷன், கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். 'இல்லை, இல்லை, இல்லை' என்று மேலிருந்து கீழே ஒரே கோட்டில் டிக் அடித்துக் கொடுப்பதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். பணம் கட்டியாயிற்று, உண்மையைச் சொன்னால் விட மாட்டார்களே என்ற கவலை புரிகிறது. ஆனால் உண்மையைச் சொன்னவர்கள் எல்லோரையும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. சிலருக்கு டாக்டர் கடிதம் போதும், சிலருக்கு ஸ்நார்கலிங்கோடு நிறுத்தச் சொல்வோம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், புரியாவிட்டால் ஊரிலிருந்தே போன் போட்டுக் கேளுங்கள்.

ஆஸ்துமாவை ஏன் இப்படித் துருவுகிறோம் என்பதற்குக் காரணம் மூச்சில் இருக்கிறது. கடலுக்குள் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் ஒன்று என்றால் பத்து மீட்டரில் இரண்டு. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் மேலேயே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு போனார்கள். கீழே போகப் போக அந்தக் காற்று சுருங்கியது, மேலே வந்ததும் பழைய அளவுக்கே விரிந்தது, நுரையீரலுக்கு ஆபத்தில்லை. சிலிண்டரில் மூச்சு விடுகிறவருக்குக் கணக்கு தலைகீழ். பத்து மீட்டரில் அவர் நெஞ்சு நிறைய இழுக்கும் காற்று ஏற்கெனவே அழுத்தப்பட்ட காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். ஆழத்தில்தான் இது நடக்கும் என்றும் இல்லை. மேல்மட்டத்தை ஒட்டிய சில அடிகளில்தான் காற்று மிக வேகமாக விரிகிறது, ஆளுயரத் தண்ணீரிலிருந்து மூச்சைப் பிடித்தபடி எழுந்தாலே காயம் படலாம். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழல் இறுகினால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்தக் கேள்வி. உங்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் விதியும் இதனால்தான்: மூச்சை அடக்கவே அடக்காதீர்கள். இழுங்கள், விடுங்கள், நிதானமாக, சத்தம் கேட்க. சிலிண்டரில் இருப்பது நாம் தினமும் சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்திருக்கிறோம். 'ஆக்சிஜன் தீர்ந்துவிடுமா' என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன். மீட்டரில் அளவு காட்டிக்கொண்டே இருக்கும், பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்.

அடுத்தது காது. அறிமுக டைவைப் பாதியில் விடுகிறவர்களைக் கேட்டால், பயத்தைவிடக் காது வலியைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஒன்றிரண்டு மீட்டர் இறங்கியதுமே செவிப்பறை உள்பக்கம் தள்ளப்படும், அடைப்பது போல இருக்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினால் உள்ளே காற்றுப் போய்ச் சமமாகும். எச்சில் விழுங்கினாலும் தாடையை அசைத்தாலும் சிலருக்குத் திறக்கும். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு பலமாக ஊதினால் செவிப்பறைக்குக் கேடு. காதைக் காட்டிச் சைகை செய்யுங்கள், கொஞ்சம் மேலே கூட்டி வருவோம், திறக்கும்வரை காத்திருப்போம். திறக்கவே இல்லை என்றால் அன்றைக்கு டைவ் இல்லை. விமானம் போர்ட் பிளேரில் இறங்கும்போது காது அடைக்குமே, அப்போது இதைப் பழகிப் பாருங்கள். அந்த நேரத்தில் எவ்வளவு முயன்றும் திறக்காமல் சளி கட்டியிருந்தால், எனக்கு அங்கிருந்தே சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளிப்போடலாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்பது மோசமான யோசனை. மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது தீர்ந்துபோனால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காது துடித்துப்போகும். முழு நாள் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதே இந்தக் காதுக்காகத்தான். அடுத்த கூட்டம் வரிசையில் நிற்கும்போது யாராலும் உங்கள் காதுக்காகக் காத்திருக்க முடியாது.

உங்களைக் கீழே கூட்டிப் போகிறவர் பெரும்பாலும் வங்காளியாகவோ, காரென் இனத்தவராகவோ, ராஞ்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பையனாகவோ இருப்பார். கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் விளக்கம் இந்தியில் நடக்கும், நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே" என்று தலையாட்டுவார்கள். கூட்டத்தில் புரியவில்லை என்று சொல்ல வெட்கம். தயவுசெய்து வெட்கப்படாதீர்கள். "ஒன்ஸ் மோர்" என்றாலே போதும், திரும்பச் சொல்வார். சைகைகளைக் கையில் செய்து காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று. தண்ணீருக்குள் கட்டை விரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'என்னை மேலே கூட்டிப்போ' என்று அர்த்தம். கேமராவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கட்டை விரலைத் தூக்கி, கடலில் இருந்து வெளியே வந்து விழிப்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்றால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம். ஏதோ சரியில்லை என்றால் விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். நிஜமாகவே பயமாக இருந்தால் கட்டை விரலைத் தாராளமாக உயர்த்தலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, காசு போகிறதே என்றும் யோசிக்க வேண்டியதில்லை.

இறங்குவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், முந்தின இரவு குடிக்காதீர்கள். படகில் குமட்டுகிறவர்கள் சொல்லிவிடுங்கள், கரையிலிருந்தே நடந்து இறங்கும் நீமோ ரீஃப் போன்ற இடமாகப் பார்த்துக்கொள்ளலாம். கடலுக்கடியில் வாந்தி வந்தால் வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதற்குள்ளேயே எடுக்கலாம், வெளியே போய்விடும். மீன்களுக்கு அது விருந்து. எழுத அருவருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரிந்திருந்தால் பதற்றம் வராது.

நீமோ ரீஃபில் அந்தப் பெயருக்குக் காரணமான கோமாளி மீனைப் பார்ப்பீர்கள். கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாக நெளியும், உங்கள் மாஸ்க் வரை வந்து முட்டப் பார்க்கும். கூட்டத்தில் பெரியது பெண். அது செத்தால் அடுத்த பெரிய ஆண், பெண்ணாக மாறிவிடும். நீமோவின் அம்மா இறந்ததும் அப்பா என்ன ஆகியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், 2003இல் 'நீமோ' கார்ட்டூன் படம் எடுத்தவர்கள் அதை நாசூக்காக விட்டுவிட்டார்கள். கொஞ்சம் தள்ளிக் 'கறுக் கறுக்' என்று சத்தம் கேட்டால் அது கிளி மீன், அலகால் பவளத்தைச் சுரண்டித் தின்று மணலாகக் கழிக்கிறது. எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது என்று உங்களுக்குப் பிடிபடாது, தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம். எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும், ஆகவே ஊருக்குப் போய் மீனின் நீளத்தைச் சொல்லும்போது கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். எதையும் தொட வேண்டாம். கல் மீன் கல்லாகவே தெரியும், சிங்க மீன் பூவாக விரிந்து நிற்கும், இரண்டின் முள்ளிலும் விஷம். பிஸ்கட் போட்டு மீன் கூட்டம் சேர்க்கிறேன் என்றும், பவளத்தில் உட்கார வைத்து வீடியோ எடுக்கிறேன் என்றும் சொல்கிறவர் அமைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் கேட்காவிட்டால் அந்தப் பழக்கம் நின்றுவிடும்.

கடைசியாக விமானம். கீழே இருக்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைகிறது, வெளியே வந்த பிறகு மெல்ல மெல்ல மூச்சில் போகிறது. அது போவதற்குள் விமானம் ஏறினால், மேலே அழுத்தம் குறைந்து, கோலி சோடா திறந்தாற்போல ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழி கிளம்பலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நான் ஒரு நாள் முழுக்க விடுங்கள் என்பேன். அறிமுக டைவ் ஆழமில்லாததுதான், இருந்தாலும் அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று, மாற்ற முடியாது என்கிறவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். போர்ட் பிளேரில் இறங்கியதும் நேராக ஹேவ்லாக் கப்பல் பிடியுங்கள். முதல் நாள் எலிஃபென்ட் பீச்சில் ஸ்நார்கலிங், இரண்டாம் நாள் டைவ், அன்று மாலை ராதாநகரில் சூரிய அஸ்தமனம். செல்லுலார் ஜெயிலையும் ராஸ் தீவையும் திரும்பிப் போகும்போது கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் அலையும் அதிகம், தண்ணீர் கலங்கியிருக்கும், கப்பலே சில நாள் ஓடாது. அந்த மாதங்களில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வருகிறவர்கள் டைவை நம்பி வர வேண்டாம். சன்ஸ்கிரீனை அள்ளிப் பூசுவதற்குப் பதிலாக முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று எடுத்து வாருங்கள். முதுகு கருகாமல் இருக்கும், பவளத்துக்கும் நல்லது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் முன்கூட்டியே நம்பரைச் சொன்னால் அதற்கேற்ற மாஸ்க் கிடைக்கிறதா என்று பார்த்து வைக்கிறோம்.

அன்புடன்,
ஹேவ்லாக்கிலிருந்து உங்கள் டைவ் இன்ஸ்ட்ரக்டர்